பழைய மின்ரயில்களின் பவனி

அமெரிக்காவில் சிகாகோ நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் யூனியன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. இலினாய் ரயில்வே அருங்காட்சியகம் இருப்பது இங்கேதான். அந்நாட்டின் சுதந்திர தினமான ஜூலை 4 அன்று இங்கே டிராம் பவனி நடத்துவது நெடுநாள் வழக்கம். கொட்டகைகளில் நிற்கும் பழங்காலத்து டிராம்களும் மின்சார ரயில்களும் மணியடித்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டத்தின் முன்னே ஓடிக் காட்டும்.

இதில் என்ன அதிசயம்? பழைய மோட்டார் கார்களின் ஊர்வலம் நம் ஊர்களிலும் நடக்கிறதே என்று கேட்பீர்கள். பழைய காருக்குப் பெட்ரோல் ஊற்றினால் போதும். நீராவி எஞ்சின் தனக்கு வேண்டிய கரியையும் தண்ணீரையும் தானே சுமந்து செல்கிறது. மின்சார வண்டி அப்படியல்ல. அதன் ஆற்றல் வெளியிலிருந்து வரவேண்டும். தலைக்கு மேலே கம்பி வேண்டும். கூரையிலுள்ள கோல் வில்சுருளின் விசையால் அந்தக் கம்பியை அழுத்திக்கொண்டு மின்சாரத்தை வாங்கும். மோட்டாரில் வேலை செய்தபின் அந்த மின்னோட்டம் சக்கரம், தண்டவாளம் வழியாகத் திரும்பிச் செல்லும். அதுவும் எப்படிப்பட்ட மின்சாரம்? 600 வோல்ட் நேர்மின்னோட்டம். ஊருக்கெல்லாம் வருவதோ மாறுமின்னோட்டம். அதை மாற்றித்தர ஒரு துணை மின்நிலையம் வேண்டும். ஒரு பழைய மின்வண்டியைக் காப்பாற்ற வேண்டுமானால் ஒரு மின்பாதையையே உண்டாக்கியாக வேண்டும்.

அதைத்தான் இங்கே செய்திருக்கிறார்கள். 1953-இல் பத்துப் பேர் ஆளுக்கு 100 டாலர் போட்டு ஒரு வண்டியை வாங்கினார்கள். 1931-இல் கட்டப்பட்ட, இந்தியானா ரயில்ரோடின் 65-ஆம் எண் வண்டி அது. வாங்காமல் விட்டிருந்தால் பழைய இரும்புக்குப் போயிருக்கும். (சென்னையில் 1895 முதல் ஓடிய மின்சார டிராம் நின்றுபோனதும் இதே 1953-இல்தான்.) வண்டி இருந்தது, ஓட்டப் பாதை இல்லை. 1964-இல் யூனியனுக்கு இடம் பெயர்ந்தார்கள். 1930-இல் மூடப்பட்ட ஒரு மின்ரயில் பாதையின் மண்மேடு அங்கே கிடந்தது. அதன்மேல் தண்டவாளம் போட்டு, கம்பம் நட்டு, கம்பி இழுத்தார்கள். சம்பளம் வாங்காத தொண்டர்கள் செய்த வேலை இது!

பவனிக்கு வருவோம். 1908-இல் செய்த 144-ஆம் எண் சிகாகோ டிராம் இந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் ஓட்டுநர் ஒரு கைப்பிடியைப் படிப்படியாகத்தான் திருப்புவார். ஏன் ஒரேயடியாகத் திருப்பக்கூடாது? ஓம் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நிற்கும் மோட்டாரின் சுருளில் மின்தடை மிகக் குறைவு. கணக்குக்காக அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். 600 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் 1,200 ஆம்பியர் பாயும்! மோட்டார் கருகிப்போகும். ஆகவே முதலில் இரண்டு மோட்டார்களைத் தொடரிணைப்பில் வைத்து, கூடவே தடைச்சுருள்களையும் சேர்க்கிறார்கள். மோட்டார் சுழலத் தொடங்கியதும் அதுவே ஒரு டைனமோபோல் எதிர் மின்னியக்கு விசையை உண்டாக்கித் தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. வேகம் ஏற ஏறத் தடைச்சுருள்களை ஒவ்வொன்றாக விலக்கலாம். அவை முழுதும் விலகியபின் மோட்டார் ஒவ்வொன்றுக்கும் 300 வோல்ட் கிடைக்கும். இன்னும் வேகம் வேண்டுமென்றால் பக்க இணைப்புக்கு மாற்றி 600 வோல்ட் கொடுக்கலாம்.

இதனால்தான் இந்த வண்டிகளுக்கு மெதுவாக ஊர்ந்து செல்வது சங்கடமான காரியம். தடைச்சுருள்கள் சில விநாடி வேலைக்காகச் செய்யப்பட்டவை. வெகுநேரம் அவற்றின் வழியே மின்னோட்டம் பாய்ந்தால் சூடேறிச் சிவந்துவிடும். எனவே இத்தகைய வண்டியை மெதுவாக ஓட்ட வேண்டுமானால், சிறிது மின்சாரம் கொடுத்து உடனே நிறுத்திவிட்டு, வண்டியைத் தானாக உருளவிட வேண்டும். பார்ப்பவர்களுக்கு இது எளிதாகத் தோன்றும். கைப்பிடி பிடித்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும். பல வண்டிகள் ஒரே நேரத்தில் கிளம்பினாலும் தொல்லைதான். கம்பியில் மின்னழுத்தம் இறங்கிவிடும்.

அடுத்த தலைமுறைக்கு எடுத்துக்காட்டு, 1948-இல் செய்த பச்சை நிற 4391. மோட்டார் கார்களின் போட்டியைச் சமாளிக்க டிராம் கம்பெனித் தலைவர்கள் ஒரு குழு அமைத்து 1930-களில் வடிவமைத்த வகை இது. கைப்பிடிக்குப் பதில் காரில் உள்ளதுபோல் கால்மிதி. தடைச்சுருளை மிகச் சிறு சிறு படிகளாகப் பிரித்திருப்பதால் குலுக்கலே இல்லாமல் கிளம்பும். போருக்குப்பின் சிகாகோ இத்தகைய 600 வண்டிகளை வாங்கியது. இன்று எஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான். மற்றவற்றில் பெரும்பாலானவற்றைப் பிரித்து, மோட்டார் முதலிய பாகங்களை அந்நகரின் மேம்பால ரயில்பெட்டிகளுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். 1958-இல் சிகாகோவில் டிராமே நின்றுபோனது.

இந்த அருங்காட்சியகத்தின் ராஜா எலெக்ட்ரோலைனர். 1941-இல் செய்யப்பட்ட இரண்டே இரண்டு ரயில்களுள் ஒன்று. சிகாகோவுக்கும் மில்வாக்கிக்கும் இடையே ஓடியது. திறந்தவெளியில் மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும்; அதே ரயில் சிகாகோ மேம்பாலப் பாதையின் கூரிய வளைவுகளிலும் மில்வாக்கி நகரத் தெருவிலும் போகவேண்டும்! அதற்காக நான்கு பெட்டிகளையும் மூட்டு வைத்தாற்போல் இணைத்து, உடலையும் ஒடுக்கமாகச் செய்தார்கள். உள்ளே சிற்றுண்டிச்சாலையும் உண்டு. 1963 ஜனவரியில் அந்தப் பாதை மூடப்பட்டது. இரண்டு ரயில்களும் பிலடெல்பியா பக்கம் விலைக்குப் போய், வேறு பெயரில் சில காலம் ஓடின. பிறகு ஒன்று பென்சில்வேனியாவில் உள்ள டிராம் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. மற்றொன்று இலினாய் மாநிலத்துக்கே திரும்பி வந்தது. தொண்டர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டு அதைப் பழுதுபார்த்தார்கள். யூனியனில் இப்போது அது மீண்டும் 600 வோல்ட் கம்பியின்கீழ் ஓடுகிறது.