தண்ணீர் குறைந்தது பம்பினாலா, குழாயினாலா?

கொடுமுடியில் காலிங்கராயன் வாய்க்காலை ஒட்டிய வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீர் தானாகவே வந்து பாய்கிறது. வாய்க்காலை விட்டு விலகி மேட்டுப் பாங்கான நிலங்களுக்குச் சென்றால், மஞ்சளானாலும் வாழையானாலும் கிணற்றையும் பம்புசெட்டையும் நம்பியே இருக்கின்றன. கவலை இறைத்த காலத்தில் எருதுகள் களைத்துப் போனால் உழவருக்குக் கண்ணால் பார்த்தே தெரியும். மோட்டார் சிரமப்படுவது அவ்வாறு தெரிவதில்லை. வேளாண்மைக்கு மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படுவதால் மின் அளவைப் பார்க்கும் பழக்கமும் நம்மிடம் இல்லை. பாத்தி நிரம்ப நேரமாகும்போதுதான் கவனிக்கிறோம். உடனே "பம்பு போய்விட்டது, வேறு வாங்க வேண்டும்" என்ற முடிவுக்கு வந்து விடுகிறோம். பல தோட்டங்களில் அந்த முடிவு தவறானது.

கோவைப் பகுதியில் பம்புத் தொழில் வேரூன்றியதற்கு 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் இங்கு வந்தது ஒரு முக்கிய காரணம். அன்று ஒரு பம்பின் இம்பெல்லரை வடிவமைப்பது நீண்ட வேலை. பொறியாளர் காகிதத்தில் வரைவார். தச்சர் அதைப் பார்த்து மரத்தில் பேட்டர்ன் செய்வார். பவுண்டரியில் வார்த்து, கடைசல் பிடித்து, தொட்டியில் வைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். தண்ணீர் குறைந்தால் மறுபடியும் மரத்திலிருந்து தொடங்க வேண்டும். இன்று அந்த வேலையின் பெரும்பகுதி கணிப்பொறித் திரையில் நடக்கிறது. இம்பெல்லரின் வளைந்த தகடுகளைத் திரையில் முழு உருவமாகவே வரைந்து, அவற்றினூடே தண்ணீர் எங்கே சீராக ஓடுகிறது, எங்கே சுழித்து வீணாகிறது என்று கணக்கிட்டு, வளைவைத் திருத்திக் கொள்கிறார்கள். பிறகு அதே அளவில் இயந்திரமே பேட்டர்னைச் செதுக்கிவிடும்.

இவ்வளவு திறமையான கணிப்பொறிக்கும் முதலில் இரண்டு எண்களைக் கொடுத்தாக வேண்டும். நொடிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும்? எத்தனை மீட்டர் ஏற்ற வேண்டும்? இந்த உயரத்தைத்தான் விற்பனையாளர்கள் 'ஹெட்' என்கிறார்கள். பம்பின் பெயர்த்தகட்டில் இரண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த அளவுகளுக்கு அருகில் ஓடும்போதுதான் பம்பு தன் முழுத் திறனைக் காட்டும். நட்சத்திர முத்திரை பெற்ற பம்பும் இதற்கு விலக்கல்ல. நம் கிணற்றின் உண்மையான ஹெட் என்ன என்று அளக்காமல், "பக்கத்துத் தோட்டத்தில் போட்டிருக்கிறார்கள்" என்று வாங்கி வந்தால், கணிப்பொறியில் செய்த கணக்கெல்லாம் கிணற்றடியில் வீணாகிவிடும்.

ஹெட் அதிகமாக இருந்தால் நல்லதுதானே என்று சிலர் கேட்பதுண்டு. நல்லதல்ல. 40 மீட்டருக்கு வடிவமைத்த பம்பை 20 மீட்டரில் ஓட்டினால் அது அளவுக்கு மீறித் தண்ணீரைத் தள்ள முயலும். மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுத்துச் சூடேறும். காயில் எரிவதற்கு இதுவும் ஒரு வழி.

ஆகவே வாங்குவதற்கு முன், பொறியாளர் செய்வதைப் போலவே உழவரும் ஒரு படம் வரைய வேண்டும். கணிப்பொறி தேவையில்லை. பள்ளிக் குழந்தையின் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் போதும். கிணற்றைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தது போல வரைந்து, கோடையில் தண்ணீர் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கும், பம்பு எந்தத் திட்டில் உட்கார்ந்திருக்கிறது, குழாய் எத்தனை மீட்டர் ஓடுகிறது, எத்தனை இடத்தில் வளைகிறது, தண்ணீர் விழும் இடம் எவ்வளவு மேட்டில் இருக்கிறது என்று குறிக்க வேண்டும். கயிற்றில் கல்லைக் கட்டி, மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு இறக்கினால் ஆழம் தெரிந்து விடும். மேடு பள்ளத்துக்குக் கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயே போதுமானது. மீட்டரில் அளக்கத் தொடங்கினால் முழுவதும் மீட்டரிலேயே அளக்கவும். அடியும் மீட்டரும் ஒரே படத்தில் கலந்ததால் கெட்ட வேலைகள் பட்டறைகளில் ஏராளம்.

தற்போது எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதை அறிய 200 லிட்டர் எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றும் கைக்கடிகாரமும் போதும். பீப்பாய் 20 நொடியில் நிறைந்தால் நொடிக்கு 10 லிட்டர். 25 நொடியானால் 8 லிட்டர்.

இனி குழாய்க்கு வருவோம். நட்டம் பெரிதும் இங்கேதான் ஏற்படுகிறது. குழாயின் சுவரில் தண்ணீர் உராய்வதை வெல்லவும் பம்பு உழைக்க வேண்டும். அந்த உழைப்பைக் கூடுதல் உயரமாகவே கணக்கிடுவது வழக்கம். நொடிக்கு 10 லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் நீளமுள்ள பி.வி.சி. குழாயில் செலுத்தினால், உள்விட்டம் 100 மி.மீ. உள்ள குழாயில் 1.7 மீட்டர் ஹெட் வீணாகும். 80 மி.மீ. குழாயில் அதுவே சுமார் 5 மீட்டர். 65 மி.மீ. குழாயில் 13 மீட்டருக்கும் மேல்! விட்டம் கொஞ்சம் சுருங்கினாலும் நட்டம் பல மடங்கு பெருகுகிறது. துருவேறிய பழைய இரும்புக் குழாயானால் நிலைமை இன்னும் மோசம்.

ஓர் எடுத்துக்காட்டு. கிணற்றுத் திட்டில் 5 குதிரைத்திறன் மோனோபிளாக் பம்பு இருக்கிறது. தண்ணீர் மட்டத்திலிருந்து விழும் இடம் வரை 18 மீட்டர் உயரம். குழாயின் மொத்த நீளம் 60 மீட்டர். 80 மி.மீ. குழாய் போட்டால் உராய்வுக்கு 3 மீட்டர், வளைவுக்கும் ஃபுட் வால்வுக்கும் ஒரு மீட்டர், ஆக ஹெட் 22 மீட்டர். இந்த உயரத்துக்கு நொடிக்கு 10 லிட்டர் தருவது 5 குதிரைத்திறன் பம்புக்கு இயலும் காரியமே. விலை குறைவு என்று 65 மி.மீ. குழாய் போட்டால், அதே 10 லிட்டருக்கு 28 மீட்டர் தேவைப்படும். பம்பினால் முடியாது. தண்ணீர் 8 லிட்டருக்கு அருகில் இறங்கி நிற்கும். ஓர் ஏக்கர் மஞ்சளுக்கு 5 செ.மீ. உயரத்துக்கு நீர் கட்ட ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் வேண்டும். முதல் குழாயில் அது ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமான வேலை. இரண்டாவதில் ஏழு மணி நேரம். மும்முனை மின்சாரம் இடையில் நின்று போகும் நாளில், கடைசிப் பாத்திகள் காய்வது இந்த ஒன்றரை மணி நேரத்தினால்தான். குழாயில் மிச்சம் பிடித்த பணம் எங்கே போயிற்று என்று அப்போது தெரியும்.

கடையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பி.வி.சி. குழாயில் 63, 75, 90, 110 என்று சொல்வதெல்லாம் வெளிவிட்டம். தண்ணீர் ஓடுவதோ உள்விட்டத்தில். 75 மி.மீ. குழாயை வாங்கிவிட்டு மூன்று அங்குலம் போட்டிருக்கிறேன் என்று நம்பியிருப்பவர்கள் பலர். 80 மி.மீ. உள்ளே கிடைக்க வேண்டுமானால் 90 மி.மீ. குழாயைக் கேட்க வேண்டும்.

அடுத்து உறிஞ்சு குழாய். காற்றின் அழுத்தம்தான் தண்ணீரைப் பம்பு வரை ஏற்றிக் கொடுக்கிறது. கணக்கின்படி அது 10 மீட்டர் வரை ஏற்றலாம். நடைமுறையில் 6 மீட்டருக்கு மேல் நம்பக் கூடாது. கோடையில் தண்ணீர் இறங்கும்போது பம்பைக் கீழ்த்திட்டுக்கு இறக்காவிட்டால் உள்ளே ஜல்லியைக் கொட்டியது போன்ற சத்தம் கேட்கும். நீரில் உண்டாகும் ஆவிக் குமிழ்கள் நொறுங்கும் சத்தம் அது. அவை இம்பெல்லரை அம்மை விழுந்தது போல அரித்துவிடும். ஃபுட் வால்வில் சல்லடைத் துளைகளின் மொத்தப் பரப்பு, குழாயின் குறுக்குப் பரப்பைப் போல இரண்டு மூன்று மடங்காவது இருக்க வேண்டும். மலிவான வால்வுகளில் பெரும்பாலும் இது இருப்பதில்லை. உறிஞ்சு குழாய் பம்பை நோக்கி ஒரே சீராக ஏறிச் செல்ல வேண்டும். நடுவில் மேடாக வளைந்தால் அங்கே காற்று தங்கித் தண்ணீரைத் தடுக்கும். பக்கவாட்டுப் படம் வரைந்தால் இந்தக் குறை உடனே கண்ணில் படும்.

தொட்டிக்கு மேலே குழாயைத் தூக்கி வளைத்து, அருவி போலத் தண்ணீர் விழச் செய்வது நம் பக்கத்தில் ஓர் அழகாகவே கருதப்படுகிறது. குளிக்க வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் தேவைக்கு மேல் தூக்கிய ஒவ்வொரு மீட்டரும் ஹெட்டில் சேரும். மேற்சொன்ன 22 மீட்டரில் 2 மீட்டர் என்பது பதினொன்றில் ஒரு பங்கு.

இவையெல்லாம் சரியாக இருந்தும் திடீரென்று தண்ணீர் குறைந்தால், முதலில் பம்பு சுற்றும் திசையைப் பாருங்கள். மின்கம்பத்தில் வேலை நடந்த பிறகு இரண்டு முனைகள் இடம் மாறியிருந்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். சத்தத்தில் வேறுபாடு அதிகம் தெரியாது; தண்ணீர் மட்டும் குறைந்து வரும். பம்பின் மேல் வார்த்திருக்கும் அம்புக்குறியுடன் ஒப்பிட்டுப் பார்த்து, மாறியிருந்தால் மின்பணியாளரைக் கொண்டு மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு இணைப்புகளை மாற்றினால் போதும். இதற்காகப் பம்பையே கழற்றிப் பட்டறைக்கு ஏற்றிச் சென்றவர்களும் உண்டு.

பட்டறைக்குப் போகத்தான் வேண்டுமென்றால் தேய்ந்த பாகத்தை மட்டும் கொண்டு போகாதீர்கள். தேய்ந்ததைப் பார்த்துச் செய்தால் தேய்ந்த அளவிலேயே புதியது வரும். மஞ்சள் மெருகேற்றும் டிரம்மின் அச்சானாலும் பம்பின் அச்சானாலும், அதில் ஏறும் பேரிங்கையும் எடுத்துச் செல்லுங்கள். பேரிங்கின் எண்ணே உண்மையான அளவைச் சொல்லும். 6205, 6305 போன்ற எண்களில் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் அச்சின் விட்டம்: இரண்டுக்கும் 25 மி.மீ. கடைசி இரண்டு இலக்கம் 04க்குக் குறைவாக உள்ள சிறிய பேரிங்குகளுக்கு மட்டும் இந்தக் கணக்குப் பொருந்தாது. மோட்டாருக்குக் காயில் கட்டக் கொடுக்கும்போது, பழைய கம்பியின் பருமனையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் எழுதி வாங்கிக் கொண்டு, புதியதும் அதே அளவில் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தச் சீட்டைக் கிணற்றுப் படம் வரைந்த நோட்டிலேயே ஒட்டி வையுங்கள். அடுத்த முறை தேட வேண்டியிராது.