உங்களுக்குத் தெரியுமா? வெள்ளத்தைத் தாங்கும் நெல்லும் குறிப்பான் பயிற்சியும்

ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ நெல், இரண்டு வாரம் வரை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் விளைச்சல் குறைவு. உயர் விளைச்சல் ரகங்களோடு அதை வழக்கமான முறையில் கலப்பு செய்தபோது, தாங்குதிறனோடு வேண்டாத குணங்களும் கூடவே வந்தன. அந்தத் திறனுக்குக் காரணமான 'சப்1' பகுதி 9ஆம் குரோமோசோமில் இருப்பது தெரிந்த பிறகே வழி பிறந்தது. நாற்றின் இலையில் ஒரு துணுக்கைக் கிள்ளி, டிஎன்ஏ பிரித்து, மரபணுவோடு ஒட்டி வரும் அடையாளத் துண்டுகளான மூலக்கூறு குறிப்பான்களால் சோதித்தால் போதும். வயலை மூழ்கடிக்காமலே எந்த நாற்றில் சப்1 இருக்கிறது என்று தெரிந்துவிடும். இப்படி உருவான 'ஸ்வர்ணா சப்1' 2009இல் இந்தியாவில் வெளியானது. மரபணு மாற்றுப் பயிரோ என்ற அச்சம் வேண்டாம், முழுக்க மகரந்தக் கலப்பில் வந்த ரகம் இது.

இந்தச் சோதனையை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிவிடலாமே, ரகம் உருவாக்குபவருக்கு எதற்குக் குறிப்பான் பயிற்சி என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக அனுப்பலாம், செலவும் மிச்சமாகும். ஆனால் குறிப்பானுக்கும் மரபணுவுக்கும் நடுவே மறுசேர்க்கை நடந்து இரண்டும் பிரிந்துவிட்டால், 'இருக்கிறது' என்று முடிவு வந்த நாற்றும் வெள்ளத்தில் அழுகும். மரபணுவின் இருபுறமும் குறிப்பான் வைப்பதா, உயர் விளைச்சல் ரகத்தோடு எத்தனை முறை மீண்டும் கலப்பது (பிற்கலப்பு), எந்தச் செடியைக் கழிப்பது என்பதையெல்லாம் முடிவு செய்ய வேண்டியவர் ரகம் உருவாக்குபவரே. விளைச்சல் போலப் பல மரபணுக்கள் சேர்ந்து ஆளும் குணங்களில் ஒற்றைக் குறிப்பான் பெரும்பாலும் கைகொடுக்காது. அதை நம்பி ஆண்டுகளை இழக்காமல் இருக்கவும் பயிற்சிதான் உதவும்.