கடல் தாண்டினால்தான் எதிரணி

சாத்தம் சின்னத் தீவு. ஸ்ரீ விஜயபுரத்துடன் (2024 வரை போர்ட் பிளேர்) அதை இணைப்பது ஒரு பாலம். 1883ல் தொடங்கிய மரமறுப்பு ஆலையும், அதன் மீது 1942ல் ஜப்பானியர் போட்ட குண்டின் பள்ளமும்தான் இங்கே வருபவர்களுக்குக் காட்டப்படுகின்றன. கால்பந்து ஆடும் பையன்களை யாரும் காட்டுவதில்லை. அவர்களுக்குப் பந்து இருக்கிறது, மழையும் சேறும் தாராளமாக இருக்கின்றன. இல்லாதது புதிய எதிரணி. சென்னையிலிருந்து கப்பலில் வருவதென்றால் மூன்று நாள்.

இது சாதாரணக் குறையல்ல. பயிற்சியில் தவறு செய்தால் பயிற்சியாளர் விசிலடித்து நிறுத்துவார். போட்டியில் அந்தத் தவறு கோலாகிவிடும். எண்பதாவது நிமிடத்தில், கால் தளர்ந்த பிறகு, பந்தை யாரிடம் தள்ளுவது என்பதைக் கரும்பலகையில் கற்றுத்தர முடியாது. அதிலும், தன்னைவிடப் பலசாலியிடம் தோற்றுத்தான் கற்க வேண்டும்.

இதை அகில இந்திய கால்பந்து சம்மேளனம் ஒருமுறை ஒப்புக்கொண்டது. 2010ல் இளைஞர்களை மட்டுமே கொண்ட 'இந்தியன் ஆரோஸ்' அணியை உருவாக்கி, ஐ-லீகில் பெரிய கிளப்புகளோடு மோதவிட்டது. முதல் பருவத்திலேயே ஜெஜே லால்பெக்லுவா கோல்களைக் குவித்தார். 2013ல் கலைக்கப்பட்ட அணி 2017ல் மீண்டும் பிறந்தது. அந்த ஆண்டு 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் தோற்ற பையன்களே அதன் முதுகெலும்பு. 2017-18ல் 18 ஆட்டங்களில் 4 வெற்றி, 11 தோல்வி, கடைசி இடம். கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் வளர்ச்சிக்கான அணி என்பதால் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படும் பயமில்லை. அந்தப் பயமின்மைதான் திட்டத்தின் உயிர். சுரேஷ் சிங், அன்வர் அலி, ஜீக்சன் சிங் மூவரும் பின்னர் சீனியர் இந்திய அணிக்கு ஆடினார்கள்.

2022ல் ஆரோஸ் மூடப்பட்டது. இளைஞர் லீகுகளே மேல் என்றது சம்மேளனம். நியாயமான வாதம்தான், லீக் ஊருக்குப் பக்கத்தில் நடந்தால். தீவு அணிக்கு ஒவ்வொரு 'வெளியூர் ஆட்டமும்' கப்பலோ விமானமோ கேட்கும்.

நிக்கோபாரிலிருந்து எசோவ் ஆல்பென் 2018ல் ஜூனியர் உலக சைக்கிள் பந்தயத்தில் வெள்ளி வாங்கினார். சைக்கிள்காரர் தனியாக டெல்லிக்குப் போய் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். கடிகாரம் எங்கும் ஒன்றுதான். கால்பந்துக்கு ஒரு பையனை மட்டும் கப்பலேற்றினால் போதாது. அணியாக இருபது பேர் போக வேண்டும், அதுவும் பருவத்துக்கு ஒரு தடவையல்ல. டிக்கெட்டுக்கு யார் பணம் கட்டுவது?