துரைக்குச் சொன்னதும் ஏட்டில் எழுதியதும்

புதுச்சேரிக் கடைத்தெருவில் ஊர் பார்க்க ஐம்பது கசையடி வாங்கி, 1717-இல் சிறையிலேயே உயிர்விட்ட நைனியப்ப பிள்ளையோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அவருடைய மைத்துனர் திருவேங்கடம் பிள்ளை. நைனியப்பரின் சொல்லை நம்பிச் சென்னைப் பெரம்பூரிலிருந்து பெட்டி படுக்கையோடு புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தவர். திருவேங்கடத்தின் மகன் ஆனந்தரங்கம் 1709-இல் பிறந்தவன். நைனியப்பருக்கு அடி விழுந்த ஆண்டில் அவனுக்கு ஏழு வயது.

அந்த ஏழு வயதை மனத்தில் வைத்துக்கொண்டு 1746 பிப்ரவரிக்கு வாருங்கள். பிரெஞ்சுக் கும்பினியின் பெரிய துபாஷி கனகராய முதலியார் இறந்துபோகிறார். புதுச்சேரியில் ஒரு தமிழன் எட்டக்கூடிய மிக உயர்ந்த பதவி காலியாகிறது. ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அப்போது முப்பத்தாறு முடிந்து முப்பத்தேழு நடக்கிறது.

துபாஷி என்றதும் மொழிபெயர்ப்பவர் என்று மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பெரிய துபாஷியின் கை பல இடங்களில் இருந்தது. கும்பினிக் கப்பலுக்கு வேண்டிய துணியை வியாபாரிகளிடம் முன்பணம் கொடுத்துப் பேசிப் பிடிப்பார். நவாபுகளுக்கும் பாளையக்காரர்களுக்கும் போகிற கடிதமும் வெகுமதியும் அவர் வழியாகத்தான் போகும். சாதிச் சண்டை முற்றினால் பஞ்சாயத்துக்கு உட்காருவார். குவர்னரைப் பார்க்க வருகிறவன் முதலில் அவர் வாசலில் நிற்க வேண்டும். தரகு, நசர், செல்வாக்கு எல்லாம் அங்கே குவியும். அத்தனை பேருடைய பகையும் அங்கேயே குவியும். நைனியப்பர் வீழ்ந்ததும் அந்த இடத்திலிருந்துதான். அந்தப் பதவியில் இந்து இருக்கக் கூடாது, கிறிஸ்தவன்தான் இருக்க வேண்டும் என்று சேசு சபைப் பாதிரிமார் கொடுத்த நெருக்குதல் அவர் கதையில் எவ்வளவு பெரிய பங்கு வகித்தது என்பதைச் சென்ற வாரமே பார்த்தோம். அவர் மகன் குருவப்ப பிள்ளை பிரான்சுக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பிய பிறகே தந்தையின் இடத்தில் அமர முடிந்தது. கனகராய முதலியாரும் கிறிஸ்தவர்.

ஆனந்தரங்கர் மதம் மாறவில்லை. 1726-இல் தந்தை காலமானதும் குவர்னர் லெனுவார் அவருக்கு வேலை கொடுத்தார். பரங்கிப்பேட்டைக் கிடங்கின் துணி வியாபாரத்தை நிமிர்த்திக் காட்டிப் பெயர் வாங்கினார். 1736 செப்டம்பர் 6 முதல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். கப்பல் வந்தது, போனது, என்ன சரக்கு, யார் என்ன சொன்னார்கள், ஊரில் என்ன பேச்சு என்று பேச்சுத்தமிழில், கணக்குப்பிள்ளையின் கையெழுத்தில், புள்ளியும் நிறுத்தமும் இல்லாமல் எழுதிக்கொண்டே போனார். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் எழுதினார்.

ஒரு மனிதனின் ஆசை, விசுவாசம், உழைப்பு மூன்றையும் இவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்க்க, அந்த நூற்றாண்டில் தமிழில் நமக்கு வேறு ஏடு கிடையாது என்பேன். அரசர்களுக்கு மெய்க்கீர்த்தி இருந்தது. ஆனந்தரங்கருக்கும் புகழ்மாலைகள் உண்டு. தமிழில் ஆனந்தரங்கன் கோவை, வடமொழியில் 1752-இல் சீனிவாச கவி பாடிய ஆனந்தரங்க விஜய சம்பு, தெலுங்கில் ஒரு சந்தஸ் நூல். அவற்றில் அவர் கற்பகத்தரு. தன் கைப்பட எழுதிய ஏட்டில்தான் அவர் மனிதர்.

கனகராயர் இறந்த பின்னாலான பக்கங்களைப் புரட்டினால் ஆசை எப்படிப்பட்டது என்பது விளங்குகிறது. அந்தப் பதவிக்குப் போட்டி பலமாக இருந்தது. முதலியாரின் தம்பி காத்திருந்தார். அன்னபூர்ண ஐயன் காத்திருந்தார். குவர்னர் துய்ப்ளெக்ஸின் மனைவி ழான் சீமாட்டி கிறிஸ்தவன் ஒருவனுக்கே கொடுக்க வேண்டும் என்று நின்றார். இந்த அம்மையார் புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார், ஆகவே எந்தத் துபாஷியும் இடையில் இல்லாமலே ஊரின் சங்கதிகளை நேராகக் கேட்டுக்கொள்ளக் கூடியவர். பதவிக்குப் பணம் பேசப்பட்டதையும் ஆனந்தரங்கர் எழுதிவைத்திருக்கிறார்.

இவரோ வாயைத் திறந்து கேட்கவில்லை. நண்பர்கள் வந்து உசுப்புகிறார்கள், சோதிடர்கள் நல்ல காலம் வருகிறது என்கிறார்கள். எனக்கு அதில் நாட்டமில்லை என்கிற தோரணையில் பதில் சொல்லிக்கொண்டே அந்த வேலை அத்தனையையும் இழுத்துப் போட்டுச் செய்கிறார். நாட்டமில்லாதவரின் ஏட்டில் மாதக்கணக்கில் அந்தப் பேச்சே நிறைந்திருக்கிறது. குவர்னர் அன்று முகம் மலர்ந்து பேசினாரா, யாரைப் பக்கத்தில் அழைத்தார், தன்னைப் பற்றி என்ன சொன்னார் என்று ஒன்று விடாமல் பதிவாகிறது. துய்ப்ளெக்ஸின் முகத்துக்கு நேராகத் தான் சொன்ன புகழுரைகளையும் அவர் மறைக்கவில்லை. பக்கம் பக்கமாக அப்படியே எழுதிவைத்திருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு அவரை முகத்துதிக்காரர் என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. குவர்னரின் ஒரு நாள் மனநிலையில் உயிரும் சொத்தும் தொங்குகிற இடம் அது. அவருடைய வீட்டிலேயே அதற்கு ரத்தசாட்சி இருந்தது. கேட்டுப் பெற்ற பதவி பிடுங்கப்பட்டால் கேட்டவன் மீதுதான் பழி. வேலையைச் செய்து காட்டி, வேறு ஆள் இல்லை என்று துரையே உணரும்வரை பொறுத்திருப்பது வேறு வகையான ஆசை. அதற்கு நெஞ்சுரம் வேண்டும். முறையாகப் பதவி கைக்கு வந்தபோது மதம் மாறாமலே வந்தது. அந்த ஒன்றை மட்டும் அவர் எந்த விலைக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் அதோடு கதை முடியவில்லை. 1748 செப்டம்பர் வந்தது.

ஆங்கிலக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தார். ஊர் நடுவே, சேசு சபைக் கோயிலுக்குப் பக்கத்திலேயே, வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. அதை அப்புறப்படுத்த வேண்டும் என்பது பாதிரிமாரின் நெடுநாள் கோரிக்கை. முன்பிருந்த குவர்னர்கள் ஊர் கொதித்துவிடும் என்று தள்ளிப்போட்டே வந்தார்கள். 1746 மார்ச்சில் ஒரு நாள் இரவு கோயிலுக்குள் அசுத்தத்தைக் கொண்டுவந்து கொட்டிய சம்பவமும் நடந்திருந்தது. இப்போது முற்றுகை. நெசவாளரும் வியாபாரிகளும் ஊரைவிட்டு வெளியேறிப் பிழைக்க வழியில்லை. அந்தச் சமயம் பார்த்துக் கோயில் இடிக்கப்பட்டது.

ஆனந்தரங்கர் அந்த நாளை எழுதியிருக்கும் விதம் படிக்கிறவர் நெஞ்சைப் பிசையும். யார் உதைத்தார், யார் உடைத்தார், யார் பார்த்துக்கொண்டு நின்றார் என்பதெல்லாம் பெயரோடு இருக்கிறது. சீமாட்டி அங்கே நின்றது இருக்கிறது. சாதித் தலைவர்களான மகாநாட்டார் கூடிக் கூடிப் பேசிப் பயனின்றிக் கலைந்தது இருக்கிறது. கோயிலைச் சேர்ந்த பொருள்களை வேறு கோயிலுக்குப் பத்திரமாகக் கொண்டுபோகச் சொன்ன யோசனையும் இருக்கிறது.

அதே பக்கங்களில் இன்னொரு மனிதர் வருகிறார். மசூதியையும் இடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி பரவியதும், கும்பினிச் சிப்பாய்களின் தலைவர் அப்துல் ரகுமான் குவர்னரிடம் நேரே போனார். மசூதியில் கை வைத்தால் சிப்பாய்கள் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள், உயிரை விட்டுவிடுவார்கள் என்று சொன்னார். இடிப்பு நின்றது. முற்றுகையின் நடுவில் சிப்பாய்களை இழக்க எந்தக் குவர்னரும் துணிய மாட்டார். இருவரும் துய்ப்ளெக்ஸிடம் சம்பளமும் சலுகையும் பெற்றவர்கள்தான். இருவருமே விசுவாசமானவர்கள்தான். ஒருவர் தன் விசுவாசத்துக்கு எல்லை எது என்று துரையின் முன்னால் நின்று சொன்னார். மற்றவர் வீட்டுக்கு வந்து ஏட்டில் எழுதினார்.

ஆனந்தரங்கரிடம் படை இல்லை என்று வாதாடலாம். உண்மைதான். ஆனால் கும்பினியின் துணி வியாபாரம் முழுதும் அவர் விரலசைவில் நடந்தது. வியாபாரிகள் கையை விரித்துவிட்டால் கப்பல் வெறுமையாகத் திரும்ப வேண்டும் என்பது துய்ப்ளெக்ஸுக்கும் தெரியும். அந்தப் பலத்தை அவர் அன்று எடுத்து வைக்கவில்லை. ஏன்? ஏழு வயதில் கண்ட கசையடிதான் காரணம் என்று நான் கருதுகிறேன். அதோடு, அத்தனை பொறுமையாகக் காத்திருந்து பெற்ற பதவி என்பதும் காரணம். பயமும் ஆசையும் ஒரே பக்கம் இழுக்கும்போது மனிதன் அசையாமல் நின்றுவிடுகிறான். அவரைக் கோழை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஆனால் அன்று அவர் தவறினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அவருடைய குறைகள் அதோடு நிற்கவுமில்லை. சாதி இறுமாப்பு அந்த ஏடு முழுதும் இருக்கிறது. தாழ்த்தப்பட்டவர்களைப் பற்றியும், மதம் மாறியவர்களைப் பற்றியும் அவர் எழுதியிருக்கும் சில வரிகள் இன்று வாய்விட்டுப் படிக்கக் கூசுபவை. எதிராளி சறுக்கும்போது அவருக்கு உண்டாகும் மகிழ்ச்சியும் மறைவதில்லை. பிறர் பார்வைக்கென்று எழுதியிருந்தால் இவற்றில் பாதியை நீக்கியிருப்பார். இப்படித் தனக்கே எதிராகச் சாட்சி சொல்லும் ஏட்டை ஒருவர் கால் நூற்றாண்டு விடாமல் எழுதினார் என்பதுதான் அவரிடம் என்னை ஈர்க்கிற குணம். துரையின் முன்னால் சொல்ல முடியாத உண்மையைத் தாளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்ற கட்டாயம் அவருக்குள் இருந்திருக்கிறது. கோயில் இடிந்ததை இன்று நாம் இவ்வளவு விவரமாக அறிந்திருப்பது அந்தக் கட்டாயத்தால்தான்.

பிறகு உச்சம் வந்தது. 1750 டிசம்பரில் தக்காணத்தின் சுபேதார் நாசர் சங் கொல்லப்பட்டு, முசபர் சங் அவர் இடத்தில் சுபேதாராகிப் புதுச்சேரிக்கு வந்தார். முசபர் சங் தந்த மூவாயிரம் குதிரைக்கான மன்சப்தார் பட்டமும் செங்கல்பட்டு சாகீரும் ஆனந்தரங்கரிடம் இருந்தன. பல்லக்கு, முரசு எல்லாம் சேர்ந்தன. ஆனால் வெளியே விருதுகள் கூடக் கூட, உள்ளே செல்வாக்கு தேய்ந்தது. சீமாட்டியின் ஆதரவு பெற்ற பாப்பையப் பிள்ளையின் கை ஓங்கியது. ஆட்சி குவர்னரிடம் இல்லை, மனைவியிடம் இருக்கிறது என்ற மனக்குமுறல் ஏட்டில் வரத் தொடங்குகிறது. எந்தத் துரையை வானளாவப் புகழ்ந்தாரோ அந்தத் துரையின் பணத்தாசையையும் அவரே எழுதுகிறார். அப்போதும் வேலையை விடவில்லை. ஆங்கிலேயர் பக்கம் சாயவும் இல்லை. சென்னையில் பிறந்தவர், அங்கே வியாபாரத் தொடர்புகள் உள்ளவர், நினைத்திருந்தால் போயிருக்கலாம்.

1754 அக்டோபரில் துய்ப்ளெக்ஸ் திருப்பி அழைக்கப்பட்டுக் கப்பலேறினார். தன் கைப்பணத்தைக் கும்பினிக்காகச் செலவிட்டதாகச் சொல்லி வழக்காடி, ஒன்றும் தேறாமல் 1763-இல் பாரிசில் வறுமையில் இறந்தார். அவர் காலத்தில் சென்னையைப் பிடித்துக் கொடுத்த லபூர்தொனே அதற்கு முன்பே பஸ்தில் சிறையில் கிடந்தார். பின்னால் படைத்தலைவராக வந்த லல்லியின் தலை 1766-இல் வெட்டப்பட்டது. பிரெஞ்சுக் கும்பினி தனக்கு உழைத்தவர்களுக்குக் கொடுத்த கூலி இது. நைனியப்பருக்குக் கிடைத்தது முதல் தவணை.

ஆனந்தரங்கருக்கு அவ்வளவு கொடிய முடிவு இல்லை. 1756-இல் குவர்னர் லெரி அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். உடல் நலிந்தது. வர வேண்டிய பாக்கிகள் வரவில்லை. ஏட்டின் பக்கங்கள் சுருங்கின, ஆனால் நிற்கவில்லை. லல்லியின் காலத்து இரண்டாவது முற்றுகையில் ஊர் பட்டினி கிடந்தபோதும் எழுதினார். 1761 ஜனவரியில் கண்ணை மூடினார். அதே மாதம் 16-ஆம் தேதி புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. குடும்பத்தார் அந்த எழுத்தை மேலும் சில ஆண்டுகள் தொடர்ந்தார்கள்.

ஏடுகள் வீட்டிலேயே கிடந்தன. 1846-இல் கலுவா மோம்பிரோன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்தார். ஆங்கிலத்தில் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. தமிழ் மூலம் அச்சேற அதற்கும் பிறகு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரபஞ்சன் அதை வைத்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று இரண்டு நாவல்கள் எழுதினார். நம்மில் பெரும்பாலோர் ஆனந்தரங்கரை அறிந்தது அந்த நாவல்கள் வழியாகத்தான். அது நல்லதே. ஆனால் மூலத்துக்குப் பதிலாக அவை நிற்க முடியாது.

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரையோடு திரும்பிவிடாமல் ரங்கப்பிள்ளை வீதிக்கும் ஒரு நடை போய், அவர் வாழ்ந்த மாளிகையைப் பாருங்கள். அதற்கு முன்னால் நாட்குறிப்பை நூலகத்தில் தேடி எடுங்கள். முதல் தொகுதியில் தொடங்கினால் கப்பல் கணக்கில் அலுத்துப்போகலாம். 1746 பிப்ரவரியில் தொடங்குங்கள், 1748 செப்டம்பர்வரை நிறுத்தாமல் படியுங்கள். அடுத்த வாரம் பாப்பையப் பிள்ளையைப் பற்றி எழுதும்போது அந்தப் பக்கங்கள் உங்களுக்குக் கைகொடுக்கும்.