பழசைக் கொண்டு வந்தீங்களா?

குளியலறைக் குழாய் சொட்டத் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. பிளம்பருக்கு ஆறு தடவை போன் போட்டேன். ஆறு தடவையும் "இதோ கிளம்பிட்டேன் சார்" என்றார். அவர்மேல் கோபப்பட நியாயமில்லை. ஒரு வாசர் மாற்ற மாம்பலத்திலிருந்து மடிப்பாக்கம் வந்து போனால் பெட்ரோலுக்கே கட்டாது. சின்ன வேலைக்கு ஆள் வராது, பெரிய வேலையானால்தான் வரும். அதனால் சின்ன வேலையெல்லாம் பெரிய வேலையாகும்வரை நாம் காத்திருக்கிறோம். நம் ஊர் வீடுகள் பாதி பாழாவது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு ராத்திரி தூக்கம் வராமல், ஒரு லிட்டர் மக்கைக் குழாயடியில் வைத்து மணி பார்த்தேன். நொடிக்கு ஒரு சொட்டு. மக் நிறைய ஒரு மணி ஏழு நிமிஷம். நாளைக்கு இருபது லிட்டருக்கு மேல். அதாவது தினம் ஒரு கேன் தண்ணீர். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடிய ஊர் இது. மறுநாள் காலை நானே இறங்கிவிட்டேன்.

முதல் வேலை மாடித் தொட்டியின் கேட் வால்வை மூடுவது. சக்கரம் சுற்றியது, தண்ணீர் நிற்கவில்லை. வருஷக்கணக்கில் திருப்பாமல் விட்ட வால்வில் உப்பு படிந்து உள்தகடு பாதியில் மாட்டிக்கொள்ளும். முன்னும் பின்னும் நாலைந்து முறை மெல்லத் திருப்பியபின் மூடியது. இப்போது மாதம் ஒருமுறை சும்மாவாவது மூடித் திறக்கிறேன்.

பிறகு குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்து, கைப்பிடி ஸ்குரூவைக் கழற்றி, ஸ்பேனரால் இடப்பக்கம் திருகினால் ஸ்பிண்டில் வெளியே வந்துவிடுகிறது. அதன் நுனியில் கறுப்பு ரப்பர் வாசர். நடுவில் மோதிரம் பதிந்த மாதிரி ஒரு பள்ளம். அவ்வளவுதான் வியாதி. ஹார்டுவேர் கடைக்குப் போய் "அரை இன்ச் குழாய் வாசர்" என்றேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பழசைக் கொண்டு வந்தீங்களா?" என்றார். கொண்டு போகவில்லை. அரை இன்ச்சிலேயே அவரிடம் நாலு தினுசு இருந்தது. வீட்டுக்குத் திரும்பி, பழசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி போனேன்.

பாதி திருப்பினாலே முழுசாகத் திறக்கும் புதுக் குழாய்களில் இந்த வாசர் கிடையாது. உள்ளே செராமிக் தகடு வைத்த கார்ட்ரிட்ஜ் இருக்கும், அதை மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும். அதன் தலையில் உள்ள பற்களின் எண்ணிக்கை ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கைப்பிடி உட்காராது. அதற்கும் பழசைக் கொண்டு போவது நல்லது.

புது வாசர் போட்டுச் சொட்டு நின்ற வெற்றி தலைக்கேறியது. அடுத்து சமையலறைக் குழாயையே மாற்றுகிறேன் என்று கிளம்பினேன். அங்கே சுவருக்குள் இருந்தது முப்பது வருஷத்து இரும்புக் குழாய். ரிஞ்சைப் போட்டு முழு பலத்தையும் கொடுத்தேன். 'கடக்' என்றது. கையில் வந்தது குழாய் மட்டுமல்ல. துருப்பிடித்த துண்டும் ஒடிந்து, மரைப் பகுதி சுவருக்குள் தங்கிவிட்டது. ஒரு ரிஞ்சால் சுவர்ப்பக்க பைப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் குழாயைத் திருகியிருக்க வேண்டும். அதைச் சொல்லிக் கொடுத்தவர் அன்று சாயந்திரமே வந்துசேர்ந்த அதே பிளம்பர். இது பெரிய வேலை, அதனால் உடனே வந்தார். டெஃப்லான் டேப்பை மரையின் முனையைப் பார்த்தபடி வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும் என்பதையும் அவரிடம்தான் கற்றேன். எதிர்ப்பக்கம் சுற்றினால் திருகும்போது டேப் உரிந்து சுருண்டுவிடும். அன்று அவர் கேட்ட கூலிக்கு நான் பேரம் பேசவில்லை.

மின்சாரத்தில் என் எல்லை கப்பாசிட்டரோடு முடிகிறது. மெதுவாகச் சுற்றும் சீலிங் ஃபேனில் பெரும்பாலும் கோளாறு அந்தச் சின்ன டப்பாதான். பல ஃபேன்களில் 2.5 மைக்ரோஃபாரட் என்று அதன்மேலேயே அச்சிட்டிருக்கும், அதே எண்ணில் வாங்க வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏணி ஏறக் கூடாது. சில பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் கொடுத்திருப்பார்கள், ஃபேன் நின்றாலும் ஒயரில் மின்சாரம் இருக்கும். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைப்பேன். மீட்டர் பெட்டி, கீசர் பக்கமெல்லாம் போவதில்லை. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உங்கள் வீட்டில் இருந்தால், அதன் டெஸ்ட் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட அதுவே போதுமான காரணம்.

மாடித் தோட்டம் என் மனைவியின் ராஜ்ஜியம். ஆடிப் பட்டத்தில் கத்திரி, வெண்டை, அவரை என்று நாற்பது பைகள். மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலக்கி, வெயில் தாழ்ந்தபின் இலைக்கு அடியில் படும்படி தெளிப்பார். எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒருநாள் படுக்கையறை சீலிங்கில் இந்திய வரைபடம் போல ஓதம் தெரிந்தது.

"உன் கத்திரிக்காய் வேலைதான்" என்றேன். "உங்க மாடித் தட்டோட்டு வேலைதாங்க" என்றார் அவர். இரண்டும் உண்மை. பைகளைத் தரையிலேயே வைத்திருந்தோம். அடியில் ஈரம் காயவே இல்லை. தட்டோடுகளின் இடுக்கில் சிமென்ட் பூச்சு உதிர்ந்திருந்தது. ஓரடி அகலம், ஓரடி உயரப் பை இருபத்திரண்டு லிட்டர் கொள்ளும். நனைந்தால் இருபது கிலோவுக்குப் பக்கம். நாற்பது பைகளையும் மாடி நடுவிலிருந்து சுவர்மேல் வரும் ஓரங்களுக்கு நகர்த்தி, செங்கல்மேல் ஏற்றி வைக்க இரண்டு ஞாயிறு ஆனது. முதுகு சரியாக இன்னொரு வாரம்.

கைப்பிடிச் சுவர் விரிசலில் விரல் தடிமனுக்கு ஓர் அரசங்கன்று நின்றது, காக்கை போட்ட விதை. போன வருஷம் இரண்டு இலையாக இருந்தபோது நுனியைக் கிள்ளி எறிந்தவன் நான்தான். வேர் சுவருக்குள் நிதானமாக வளர்ந்திருக்கிறது. இப்போது உளி வைத்து அரையடி கொத்திய பிறகே முழு வேரும் வந்தது.

மழைநீர்க் குழாயின் வாயில் நார்க்கழிவும் சருகும் அடைத்துக் கிடந்தன. தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லா கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். தொட்டி கட்டினோம், அதைத் திறந்து பார்த்தோமா? எங்கள் தொட்டியில் ஜல்லிக்கு மேல் ஒரு சாண் வண்டல், தண்ணீர் இறங்க வழியே இல்லை. சென்னை மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். இந்த வேலையைப் புரட்டாசிக்குள் முடித்தாக வேண்டும். மண்வெட்டியும் ஒரு பக்கெட்டும் போதும், கூடவே கொசுக்கடி தாங்கும் பொறுமை.

தட்டோட்டு இடுக்கு பூசுவதை மட்டும் கொத்தனாரிடம் விட்டேன். வாட்டம் பார்க்கும் கண் எனக்கு இல்லை.

சமையலறைச் சுவரில் பிளம்பர் உடைத்த ஓட்டையைப் பூசுவது என் பொறுப்பாயிற்று. ஒரு பங்கு சிமென்ட், நாலு பங்கு சலித்த மணல், சுவரை நன்றாக நனைத்து கரணையால் அப்பினேன். காய்ந்தபின் தடவிப் பார்த்தால் கொஞ்சம் மேடாகத்தான் இருந்தது. பெயின்ட்டும் பக்கத்துச் சுவரோடு சேரவில்லை. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அந்த இடத்தில் ஒரு காலண்டர் தொங்கியது.