கடோத்கஜனுக்குப் பிள்ளை பிறந்ததா?

கேமரன் மலையில் மழை பிடித்துக்கொண்டால் சீக்கிரம் விடாது. சென்ற விடுமுறையில் பாட்டியின் தோட்டத்து வீட்டில் நாங்கள் நான்கு பேர் அப்படித்தான் மாட்டிக்கொண்டோம். தொலைக்காட்சியில் டிராகன் கதை ஒன்று ஓடி முடிந்ததும், படிவம் இரண்டில் படிக்கும் என் தம்பி ஆரம்பித்தான்.

"அக்கா, டிராகனும் குதிரையும் சேர்ந்தா குட்டி பொறக்குமா?"

நான் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிப்பதால் இப்படிப்பட்ட கேள்விகள் எல்லாம் என் தலையில்தான் விழும். உங்களில் பலரும் நண்பர்களோடு இதைப் பேசியிருப்பீர்கள். ஹாரி பாட்டர் கதையில் வரும் ஹாக்ரிட்டின் அம்மா இராட்சசி, அப்பா சாதாரண உயரமுள்ள மந்திரவாதி. டோல்கியன் கதையில் எல்ரோண்ட் பாதி மனிதர், பாதி எல்ஃப். இதெல்லாம் நடக்கக்கூடியதா என்று மணிக்கணக்கில் வாதாடும் இரசிகர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த பாட்டி தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அதுக்கு ஏன் வெள்ளைக்காரன் கதைக்குப் போறீங்க? கடோத்கஜன் யார் புள்ள?"

பீமனுக்கும் இடிம்பி என்ற அரக்கிக்கும் பிறந்தவன். மகாபாரதத்தில் அவன் மட்டும் இல்லை. அர்ச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த அரவானைத்தான் கூவாகத்தில் கூத்தாண்டவராக வணங்குகிறார்கள். மணிமேகலையில் சோழ மன்னன் ஒருவன் நாகநாட்டு இளவரசி பீலிவளையோடு வாழ்ந்து, பிறந்த குழந்தையைக் கடலில் பறிகொடுக்கிறான். நம் கதைகளில் இது புதிய சங்கதியே அல்ல.

உயிரியலில் இதற்கு ஒரு சோதனை உண்டு. 1942இல் எர்ன்ஸ்ட் மாயர் என்ற அறிஞர் சிற்றினம் என்பதற்கு ஒரு வரையறை தந்தார். இயற்கையில் தங்களுக்குள் இனப்பெருக்கம் செய்து, மற்றக் கூட்டங்களோடு கலக்காமல் இருப்பவை ஒரு சிற்றினம். குட்டி பிறந்தால் மட்டும் போதாது, அந்தக் குட்டிக்கும் சந்ததி வேண்டும் என்று வகுப்பில் இதை விளக்குவார்கள். குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62. இரண்டுக்கும் பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63. அந்த 63 சரியாக ஜோடி சேர முடியாததால், மிக அரிதான சில தவிர, கோவேறு கழுதைகள் மலடாகவே இருக்கின்றன. அதனால்தான் குதிரையும் கழுதையும் வேறு வேறு.

ஆகவே கடோத்கஜனைப் பற்றிக் கேட்க வேண்டியது அவனுக்குப் பிள்ளை பிறந்ததா என்பதுதான். பிறந்தது. பெயர் அஞ்சனபர்வன், குருச்சேத்திரப் போரில் அசுவத்தாமன் கையால் மடிந்தான். மாயரின் கணக்குப்படி பார்த்தால் பீமனும் இடிம்பியும் ஒரே சிற்றினம்! அரக்கர்கள் என்று ஒதுக்கியவர்கள் நம் ஆட்களே. பாட்டிக்கு இது பெரிய செய்தியாகத் தெரியவில்லை. "அதான் எனக்கு அப்பவே தெரியுமே" என்றார்.

"அப்போ யாளி?" என்றான் தம்பி. சிங்க உடலும் யானைத் துதிக்கையுமாகக் கோயில் தூண்களில் நிற்குமே, அது. யாளியைக் கலப்பினம் என்று சொல்ல முடியாது. கலப்பினத்தில் ஒவ்வொரு செல்லிலும் தாயும் தந்தையும் இருப்பார்கள். கோவேறு கழுதைக்கு முன்பாதி குதிரை, பின்பாதி கழுதை என்று எல்லை கிடையாது. யாளியோ சிற்பி வெட்டி ஒட்டியது. சிங்கமும் யானையும் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்ட கிளைகள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஆசிய யானைக்கும் ஆப்பிரிக்க யானைக்குமே ஒத்துவரவில்லை. 1978இல் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்ககத்தில் அப்படிப் பிறந்த மோட்டி என்ற குட்டி இரண்டு வாரம்கூட உயிரோடு இல்லை.

ஆனால் வெட்டி ஒட்டுவதும் முடியாத காரியமல்ல. 1984இல் விஞ்ஞானிகள் செம்மறியாட்டுக் கருவையும் வெள்ளாட்டுக் கருவையும் ஒன்றாகச் சேர்த்து வளர்த்தார்கள். பிறந்த ஆட்டின் உடம்பில் ஓரிடத்தில் செம்மறியின் கம்பளி, இன்னோரிடத்தில் வெள்ளாட்டின் முடி. இதைக் கைமேரா என்பார்கள். யாளிக்கு மிக அருகில் வரும் நிஜ விலங்கு இதுதான் என்பது என் கட்சி.

உண்மையான கலப்பைப் பார்க்க எங்களுக்குச் சன்னல் போதும். வெளியே மலைச்சரிவு முழுக்கத் தேயிலை. 1929இல் ஜே. ஏ. ரசல் போ நிறுவனத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மலையில் கொழுந்து பறிக்கிறார்கள். தேயிலையில் இரண்டு பெரிய வகைகள். சீன வகைக்குச் சின்ன இலை, குளிர் தாங்கும், புதராக வளரும். அசாம் வகைக்குப் பெரிய இலை, வெட்டாமல் விட்டால் மரமாகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் சீன விதைகளை அசாமுக்குக் கொண்டுபோய் நட்டபோது பூச்சிகள் மகரந்தத்தை மாற்றி மாற்றிச் சுமந்தன, இரண்டும் கலந்தன. இரண்டுக்கும் 30 குரோமோசோம்கள்தான் என்பதால் பிறந்த செடிகள் மலடாகவில்லை. இன்று உலகத் தோட்டங்களில் இந்தக் கலப்பின் வாரிசுகள் நிறையவே இருக்கின்றன. அதோடு, தேயிலைப் பூ தன் சொந்த மகரந்தத்தைப் பொதுவாக ஏற்பதில்லை. வேறொரு செடியின் மகரந்தம் வேண்டும். விதை போட்டு வளர்த்த பழைய மலைகளில் ஒரு செடியின் இலை மாதிரி அடுத்த செடியின் இலை இருக்காது என்று பாட்டி சொல்வார். பறித்த கை சொல்வதைப் பாடப்புத்தகமும் ஒப்புக்கொள்கிறது. ஒரே மாதிரி வேண்டும் என்றால் விதை போடாமல் தண்டு வெட்டித்தான் நட வேண்டும்.

இவ்வளவு நேரமும் பேசாமல் இருந்தவள் அத்தை மகள். வயது 17. அத்தை கல்யாணம் செய்துகொண்டது ஒரு சீனரை, இங்கே காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர். மடியில் கல்லூரி விண்ணப்பப் பாரம் இருந்தது. இனம் என்ற கட்டத்தில் மட்டும் எதுவும் எழுதவில்லை.

"அக்கா, அப்ப நான் கோவேறு கழுதையா?"

சிரிக்கச் சொல்லவில்லை. பள்ளியில் ஒருவன் அப்படிக் கூப்பிட்டிருக்கிறான். அறிவியல் பாடத்தில் படித்ததை வைத்துத்தான் கிண்டல்.

எனக்குக் கோபம் வந்தது. அவன் அந்தப் பாடத்தை ஒழுங்காகப் படிக்கவில்லை என்பதும் கோபத்துக்கு ஒரு காரணம். கோவேறு கழுதைக்கு இரண்டு சிற்றினம் வேண்டும். தமிழருக்கும் சீனருக்கும் அதே 46 குரோமோசோம்கள், அதே சிற்றினம். பாரத்தில் கேட்கும் இனம் அரசாங்கக் கணக்கு. உயிரியலின் சிற்றினம் வேறு சங்கதி. தமிழில் இரண்டு சொற்களும் ஒன்றுபோல ஒலிப்பது நம் துரதிர்ஷ்டம்.

இன்னொன்றும் சொன்னேன். நியாண்டர்தால் என்ற பழைய மனிதர்களின் மரபணுத் தொகுப்பை ஸ்வாந்தே பேபோ குழுவினர் 2010இல் வெளியிட்டார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களிடம் ஏறக்குறைய 2 விழுக்காடு அவர்களுடைய மரபணு இருக்கிறது. பேபோவுக்கு 2022இல் நோபல் பரிசு. சைபீரியக் குகை ஒன்றில் கிடைத்த எலும்புத் துண்டு ஒரு சிறுமியுடையது. அவள் அம்மா நியாண்டர்தால், அப்பா டெனிசோவன் என்ற மற்றொரு பழைய மனிதக் கூட்டம் என்று 2018இல் தெரியவந்தது. வயது 13 இருக்கலாம். விஞ்ஞானிகள் அவளுக்கு டென்னி என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் அந்தக் கூடத்தில் இருந்த யாரும் சுத்தம் கிடையாது, கிண்டல் செய்த பையன் உட்பட.

அவள் பாரத்தில் ‘லாயின்-லாயின்’ என்ற கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதினாளா என்று நான் கேட்கவில்லை.

தம்பி விடுவதாக இல்லை. "டிராகனுக்குப் பதில் சொல்லவே இல்லையே?"

நாலு கால், இரண்டு இறக்கை என்றால் ஆறு உறுப்பு. முதுகெலும்புள்ள விலங்குகளில் ஆறு உறுப்போடு எதுவும் கிடையாது. பறவையின் இறக்கையும் வௌவாலின் இறக்கையும் உண்மையில் முன்கைகள். எனவே அந்த டிராகன் குதிரைக்குச் சொந்தமே இல்லை, குட்டிக்கு வழியே கிடையாது என்றேன்.

"அது வெள்ளைக்கார டிராகன்," என்றாள் அத்தை மகள். "எங்க ஆ கோங் வீட்டு நாள்காட்டியில இருக்கறதுக்கு நாலே கால்தான். இறக்கை இல்ல. டிராகன்குதிரைன்னு ஒண்ணு மஞ்சள் ஆத்துலேர்ந்து முதுகுல ஒரு படத்தோட வந்துச்சுன்னு ஆ கோங் கதை சொல்வாரு."

தம்பி எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "முழுசா சொல்லு."