கார நீரும் உடல் எடையும்: கையொப்பமிடுமுன் ஒரு கணம்

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தாராவியிலோ நண்பர் ஒருவர் தம் இல்லத்துக்கு நம்மை அழைக்கிறார். மேசைமேல் இரு கண்ணாடிக் குவளைகள். இரண்டிலும் சில சொட்டு மருந்துக் கரைசலை விடுகிறார். குழாய் நீர் இளம்பச்சையாகிறது. இயந்திரத்திலிருந்து பிடித்த நீர் ஊதாவாகிறது. "இது கார நீர். நாள்தோறும் அருந்தினால் உடல் எடை குறையும், சர்க்கரையும் கட்டுப்படும்" என்கிறார். இயந்திரத்தின் விலை இலட்சத்தைத் தாண்டும். தவணையும் உண்டு. உடல் பருமனால் துன்புறுவோருக்கு இச்சொற்கள் ஆறுதல் அளிப்பது இயல்பே. ஆயினும் கையொப்பமிடுமுன் சிலவற்றை அறிந்துகொள்வது நலம்.

இயந்திரம் செய்வது என்ன?

நீரினுள் மின்சாரம் பாயும்போது எதிர்மின்வாயின் பக்கம் ஹைட்ரஜன் வாயு தோன்றி, அங்குள்ள நீர் காரத்தன்மை பெறுகிறது. நேர்மின்வாயின் பக்கம் அமிலத்தன்மை மிகுகிறது. இடையிலுள்ள சவ்வு இரண்டையும் பிரித்துத் தருகிறது. இதுவே மின்னாற்பகுப்புக் கார நீர். குவளையில் கண்ட நிறமாற்றம் அமில, கார அளவை மட்டுமே காட்டும், உடல்நலத்தைக் காட்டாது. குழாய் நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைக் கலந்தாலும் நிறம் நீலத்தை நோக்கி நகரும். எலுமிச்சைச் சாறு விட்டால் மஞ்சளாகும்.

வயிற்றுக்குள் நடப்பது என்ன?

அமில, கார அளவுகோலில் 7 நடுநிலையாகும். கார நீர் பெரும்பாலும் 9-ஐ ஒட்டியிருக்கும். இரைப்பை அமிலமோ 2-ஐ ஒட்டியது. இந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு வேறுபாடு. ஆகவே, அளவுகோல் 9 என்பது குறிக்கும் காரத்தை மட்டும் கணக்கிட்டால், ஒரு லிட்டர் கார நீரிலுள்ள முழுவதையும் ஒரு மில்லிலிட்டர் இரைப்பை அமிலமே சமன்செய்துவிடும். குருதியின் அளவையோ நுரையீரலும் சிறுநீரகங்களும் 7.35-க்கும் 7.45-க்கும் இடையே இடையறாது காத்துவருகின்றன. அருந்தும் நீரால் "உடலைக் காரமாக்குவது" இயலாது.

ஆய்வுகள் கூறுவது என்ன?

ஜப்பான் அரசு 1965-ஆம் ஆண்டிலேயே இத்தகைய இயந்திரங்களுக்கு அனுமதி அளித்தது என்பர். அது உண்மையே. ஆனால் அந்த அனுமதி அஜீரணம், நாட்பட்ட வயிற்றுப்போக்கு, அமிலமிகுதி போன்ற வயிற்று உபாதைகளுக்கானது. உடல் பருமனுக்கானது அன்று.

2020-இல் வெளியான ஓர் ஆய்வில் இந்திய மருத்துவர்களும் பங்கேற்றனர். வளர்சிதைமாற்றக் கோளாறுகள் உடைய 60 பேர், 24 வாரங்கள். ஹைட்ரஜன் மிகுந்த நீரை அருந்தியவர்களுக்கு இரத்தக் கொழுப்பும் சர்க்கரையும் குறைந்தன. ஊக்கமளிக்கும் முடிவுதான். எனினும் அங்கு ஆராயப்பட்டது மிகு செறிவில் கரைந்த ஹைட்ரஜன், காரத்தன்மை அன்று. அறுபது பேரின் அனுபவத்தை அனைவருக்கும் பொதுவாக்கவும் இயலாது.

வெறும் நீருக்கோ தெளிவான சான்று உண்டு. இங்கிலாந்தில் 2015-இல் வெளியான ஆய்வில், உடல் பருமன் உடையவர்கள் உணவுக்கு அரை மணி நேரம் முன்பு 500 மில்லிலிட்டர் சாதாரண நீரை 12 வாரங்கள் அருந்தினர். நீர் அருந்தாத குழுவினரைவிட அவர்கள் சராசரியாக 1.3 கிலோ கூடுதலாக எடை குறைந்தனர். குழாய் நீரே அங்கு போதுமானதாக இருந்தது.

எச்சரிக்கை தேவைப்படுவோர்

சிறுநீரக நோயாளிகள் மருத்துவரின் ஒப்புதலின்றிக் கார நீர் அருந்தலாகாது. மாத்திரைகளைக் கார நீருடன் விழுங்குவதும் கூடாது. இந்தியத் தர அளவின்படி குடிநீரின் அமில, கார அளவு 6.5 முதல் 8.5 வரை இருத்தல் வேண்டும். யாவற்றினும் பெரிய தீங்கு, நீரை நம்பிச் சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளை நிறுத்திவிடுவதே.

செலவுக் கணக்கு

எடுத்துக்காட்டாக, ரூ.1,50,000 மதிப்புள்ள இயந்திரத்தை 14 விழுக்காடு வட்டியில் மூன்றாண்டுக் கடனாக வாங்குவோம். மாதத் தவணை ஏறத்தாழ ரூ.5,127. செலுத்தும் மொத்தத் தொகை ஏறத்தாழ ரூ.1,84,560. அதே தவணையைத் தொடர் வைப்பில் செலுத்தினால், மூன்றாண்டு முடிவில் அசலும் வட்டியும் நம் கையில் இருக்கும்.

"நீங்களும் இருவரைச் சேர்த்தால் பணம் திரும்பக் கிடைக்கும்" என்று கூறப்பட்டால் கூடுதல் விழிப்புத் தேவை. ஆள் சேர்ப்பதற்கே பணம் தரும் பிரமிடு திட்டங்களை 2021-ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் தடை செய்கின்றன. நோய்களைக் குணப்படுத்துவதாகக் கூறும் விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் உடல் பருமனும் இடம்பெற்றுள்ளது. ஐயமோ புகாரோ இருப்பின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

நம் கைக்கெட்டிய வழிகள்

2019 நவம்பரில் மத்திய நுகர்வோர் விவகார அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், மும்பையில் எடுக்கப்பட்ட 10 குழாய் நீர் மாதிரிகளும் தேறின. வீட்டில் பீப்பாயிலோ தொட்டியிலோ சேமித்துவைக்கும் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றி அருந்துவதே பாதுகாப்பு.

இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீட்டு எண் 25-ஐ எட்டினால் உடல் பருமன் எனக் கொள்ளப்படுகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற வரம்பைத் தாண்டலாகாது. இதனை அளக்க ஒரு தையல் நாடா போதும். வரம்பைத் தாண்டியவர்கள் சயான் மாநகராட்சி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிகள் பிரிவை அணுகலாம். சர்க்கரை கலந்த காபி, தேநீர், குளிர்பானங்களுக்கு மாற்றாகத் தண்ணீர் அருந்துவதும், மாட்டுங்காவின் ஐந்து தோட்டங்களிலோ செம்பூர் டயமண்ட் தோட்டத்திலோ நாள்தோறும் அரை மணி நேரம் விரைந்து நடப்பதும் நல்ல தொடக்கமாகும்.

நீர் அருந்துவது நன்று. அந்நன்மையைப் பெற நாம் கடன்படத் தேவையில்லை.